எதிர் வண்டி இல்லை என்றால் கேஸ் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 22 வருடமாக ப்ளவுஸ் தைக்கிறவள் நான். உங்கள் நாளிதழைப் படித்ததைவிட வெட்டியதுதான் அதிகம். புது அளவு வந்தால் முதலில் பழைய பேப்பரில்தான் முதுகும் கையும் வெட்டிப் பார்ப்போம். இப்போதெல்லாம் நான் சாக்பீஸில் கோடு போடுவதோடு சரி, வெட்டுவது கடைக்கு வரும் பெண். போன வாரம் அவள் கத்தரிக்கோல் போகிற வழியில் ஒரு செய்தி கிடந்தது. நாலே வரி. புளிய மரத்தில் கார் மோதியது, உள்ளே இருந்த மூன்று பேருக்குக் காயம், எதிரே வாகனம் எதுவும் வரவில்லை. நிறுத்தும்மா என்று சொல்லி அந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த மூன்று பேரும் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் இந்நேரம் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். 'செல்ப் ஆக்சிடென்ட்தானே, இதுக்கு இன்சூரன்ஸ் கிடையாது.'

எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

2023 பிப்ரவரி. அம்மாவுக்குக் கண் காட்ட ஜிப்மருக்குப் போயிருந்தோம். வண்டி தம்பியுடையது, ஓட்டியதும் அவன்தான். முன்சீட்டில் அம்மா, பின்னால் நான். முருங்கப்பாக்கத்தில் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப இரவு ஒன்பதாகிவிட்டது. கன்னியக்கோவில் தாண்டி முள்ளோடை நெருங்கும்போது குறுக்கே ஒரு நாய். தம்பி இடப்பக்கம் ஒடித்தான். ஒரு சின்ன மதகின் கைப்பிடிச் சுவரில் போய் வண்டி நின்றது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் போய் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது என்று அம்மா இன்னமும் சொல்வார்.

அம்மா பெல்ட் போட்டிருந்தார். தோளில் கன்றிப்போனதோடு தப்பினார். தம்பிக்கு மூன்று விலா எலும்பும் கணுக்காலும். நான் பெல்ட் போடவில்லை. பின்சீட்டில் யார் போடுகிறார்கள் என்ற நினைப்புதான். வலது கையை முன்சீட்டில் ஊன்றியது மட்டும் நினைவிருக்கிறது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு, முழங்கால் சில்லில் ஒரு கீறல்.

108 வண்டி எங்களைப் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. எங்கே நடந்தது என்று டூட்டி டாக்டர் கேட்டார். முள்ளோடை என்றதும் அவர் முகம் தம்பியின் வாய்ப்பக்கம் குனிந்தது. கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றைத் தாண்டினால் புதுச்சேரி, அங்கே சரக்கு விலை குறைவு, ராத்திரியில் முள்ளோடையிலிருந்து வருகிறவன் எதற்குப் போயிருப்பான் என்று ஊருக்கே ஒரு முடிவு உண்டு. தம்பி குடிக்கிறவன் இல்லை. விலா வலியோடு, 'ஊதிக் காட்டணுமா சார்' என்று கேட்டான். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் 'மது வாடை இல்லை' என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரி எவ்வளவு பெறும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தின் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் புரட்டிப் பார்த்தது அதைத்தான்.

அப்புறம் போலீஸ். கடலூர் பக்கம் கேட்டால் நடந்த இடம் எங்கள் எல்லை இல்லை என்றார்கள். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். 'எதிர் வண்டி எதும்மா? நாய் மேலயா கேஸ் போடறது? சொந்தத் தம்பி, சொந்த வண்டி. பேசாம வைத்தியத்தைப் பாருங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. இப்படியே பதினோரு நாள் ஓடியது.

மணிக்கட்டுக்குத் தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்தார்கள். 1,35,000 ரூபாய். கட்டியது தம்பி. அவன் மனைவியின் ஆரமும் இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின. இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

என்னிடம் தைக்கக் கொடுக்கும் ஒரு அம்மாவின் கணவர் வக்கீல் குமாஸ்தா. தீபாவளிக்குத் தைத்த ப்ளவுஸில் பாக்கி 150 ரூபாய் கொடுக்க வந்தவர் என் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, 'எப்.ஐ.ஆர். போட்டாச்சா?' இரண்டாவது கேள்வி, 'பாலிசி பேக்கேஜா, ஆக்ட் ஒன்லியா?' இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு அவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வந்தேன்.

கார் தானாகப் போய் மோதினாலும் உள்ளே இருக்கிற எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஓட்டியவர் வேறு, உட்கார்ந்து வந்தவர் வேறு. ஓட்டியவர் தன் தப்பால் தான் அடிபட்டதற்குத் தன் இன்சூரன்ஸிடமே நஷ்டஈடு கேட்க முடியாது. உட்கார்ந்து வந்தவர் கேட்கலாம், ஓட்டியவரின் அஜாக்கிரதையால் எனக்கு இந்தக் கதி என்று. எதிர் வண்டி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் அதற்கு வண்டிக்கு இருக்கும் பாலிசி எந்த வகை என்று பார்க்க வேண்டும். சொந்தக் காருக்குச் சட்டத்துக்காக மட்டும் எடுக்கிற தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது ஆக்ட் ஒன்லி, சாலையில் போகிற அடுத்தவருக்குத்தான். காருக்குள் சும்மா உட்கார்ந்து வருகிற அக்காவுக்கும் அம்மாவுக்கும் அதில் இடமில்லை. பேக்கேஜ் என்றும் காம்ப்ரிஹென்ஸிவ் என்றும் சொல்கிற முழு பாலிசியில் உண்டு. 2009 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி இதை உறுதிசெய்தது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டு பாலிசிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறது. தம்பியின் பாலிசியை எடுத்துப் பார்த்தோம். பேக்கேஜ். 'வண்டி பழசாயிடுச்சு, தேர்டு பார்ட்டி போதும்' என்று ஏஜெண்ட் சொல்லியும் தம்பி கேட்கவில்லையாம். கண்ணாடி உடைந்தால் பணம் வரும் என்ற ஒரே நினைப்பில் எடுத்தது. யாருடைய புண்ணியமோ.

பன்னிரண்டாவது நாள் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் புதுச்சேரி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். எப்.ஐ.ஆர். வந்தது. இப்போது அடிபடுகிறவர்களுக்கு இந்த எல்லைத் தகராறு இருக்கக் கூடாது. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எத்தனை முறை எல்லை மாறுகிறது என்று இந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பிரிவின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்.ஐ.ஆரைக் கையில் வாங்கிப் படித்தபோதுதான் எங்கள் வீடு இரண்டானது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று அதில் இருந்தது. குற்றவாளி என்ற இடத்தில் என் தம்பி பெயர். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் மனைவிதான் பேசினாள். 'வளையலை அடகு வெச்சு வைத்தியம் பார்த்தவரு மேலயே கேஸா? கூட்டிக்கிட்டுப் போனது குத்தமா?' அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நாய் வந்தது உண்மை. ஆளில்லாத ரோடு என்று அவன் எண்பதில் வந்ததும் உண்மை. இரண்டையும் நான் மறைக்கவில்லை. பணம் தம்பி பையிலிருந்து போகப் போவதில்லை, வருடா வருடம் அவன் பிரீமியம் கட்டினானே, அந்தக் கம்பெனியிடமிருந்துதான் வரப்போகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும், வழக்குத் தாளில் முதல் எதிர்மனுதாரர் என்று தம்பி பெயரும் அதற்குக் கீழே கம்பெனி பெயரும் இருக்கும்போது யார் நம்புவார்கள்? கிரிமினல் வழக்கில் அவன் போய் அபராதம் கட்டிவிட்டு வந்தான். தொகை சில ஆயிரம்கூட இல்லை. ஆனால் கூண்டில் நின்றேன் என்ற சொல் இருக்கிறதே, அது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் வரும். என்னைப் போன்றவர்கள் வழக்குப் போடாமல் விடுவதற்குச் சட்டம் தெரியாதது பாதிக் காரணம்தான். மீதி இது.

தம்பிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். வண்டிக்குப் பணம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பாலிசியில் ஓனர்-டிரைவருக்கு 15 லட்சம் என்று போட்டிருந்ததைக் காட்டி, 'எனக்கும் இருக்கே' என்றான் பாவம். அந்த 15 லட்சம் உயிர் போனால், இரண்டு கையோ காலோ கண்ணோ போனால், அல்லது நிரந்தரமாக எழுந்திருக்கவே முடியாமல் போனால். ஒரு கை அல்லது ஒரு கண் போனால் பாதி. விலா எலும்புக்கு அதில் வரியே கிடையாது. ஓட்டுகிறவர்கள் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால்தான் உண்டு.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்தது. கர்நாடகத்தில் வேகமாக ஓட்டிக் கார் கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் 80 லட்சம் கேட்டிருந்தது. தன் தப்பால் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது வாட்ஸப்பில் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது 'இனிமே செல்ப் ஆக்சிடென்டுக்கு யாருக்கும் பணம் கிடையாது' என்று ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு ஓட்டியவரைப் பற்றியது. பின்சீட்டில் வந்தவரைப் பற்றியது அல்ல.

விபத்து நடந்தது புதுச்சேரி எல்லையில் என்றாலும், நான் குடியிருக்கும் ஊர் என்பதால் விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் கடலூர் தீர்ப்பாயத்திலேயே மனுப் போட முடிந்தது. அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவிலேயே ஒருவர் வந்து, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் நூற்றுக்கு முப்பது என்று பேரம் பேசினார். அவரிடம் போகவில்லை. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், 15100-க்கு அழைத்தால் போதும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கம்பெனி வக்கீலின் குறுக்கு விசாரணையை மறக்க மாட்டேன். அவர் கேட்டதில் பாதி எனக்குச் சாதாரணக் கேள்வியாகப் பட்டது. 'போற வழியில தம்பிக்கு பெட்ரோலுக்குக் காசு குடுத்தீங்களா?' அக்கா தம்பிக்குள் இதெல்லாம் சகஜம்தானே, ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. உண்மையில் அன்றைக்கு நான் கொடுக்கவில்லை, சித்தி வீட்டுக்கு வாங்கிய அல்வாவுக்குத்தான் கொடுத்தேன். அதைத்தான் சொன்னேன். வெளியே வந்த பிறகுதான் எங்கள் வக்கீல் விளக்கினார். காசு வாங்கிக்கொண்டு ஏற்றினான் என்று ஆகிவிட்டால் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிய கணக்கு, பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும். அடுத்த கேள்வி பெல்ட். போடவில்லை என்று ஒத்துக்கொண்டேன். பதினோரு நாள் ஏன் புகார் தரவில்லை என்று கேட்டார். நாய் மேல் கேஸ் போட முடியாது என்று சொன்னார்கள் ஐயா என்றேன். நீதிபதி சிரித்தாரா என்று தெரியவில்லை, கீழே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

பெரிய சண்டை ஊனத்துக்குத்தான். மருத்துவக் குழுவின் முன்னால் விரலை மடக்கு என்றார்கள், மடக்கினேன். கையைத் திருப்பு என்றார்கள், முக்கால்வாசி திரும்பியது. 18 சதவீதம் என்று சான்றிதழ். அவர்கள் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் லைனிங் துணியோடு சேர்த்து நாலு மடிப்பை ஒரே வெட்டாக வெட்டக் கத்தரிக்கோலை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அந்தப் படிவத்தில் எங்கும் கேட்கவில்லை. ஹூக் வைக்க ஊசியைத் திருப்பினால் பத்தாவது ஹூக்கில் மணிக்கட்டு வீங்கிவிடும். முன்பு நாளுக்கு ஆறு ப்ளவுஸ், இப்போது உதவியோடு மூன்று. 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது ஒன்று, அதனால் அந்த ஆளின் பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு. எங்கள் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

2025 மார்ச்சில் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசினோம். கணக்கைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மாத வருமானம் 18,000 என்றேன். என்னிடம் சம்பளச் சீட்டும் இல்லை, பில் புத்தகமும் இல்லை. வாடிக்கைக்காரர் பெயரும் அளவும் எழுதிய நோட்டுதான். 10,000 என்று ஒத்துக்கொண்டார்கள். 40-லிருந்து 50 வயதுக்குள் சொந்தத் தொழில் என்றால் எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்ப்பார்கள், ஆக 12,500. வருடத்துக்கு ஒன்றரை லட்சம். விபத்தின்போது என் வயது 47, அந்த வயதுக்குப் பெருக்க வேண்டிய எண் 13, வந்தது 19,50,000. அதில் என் பிழைப்பு போன பங்காக 25 சதவீதத்துக்கு இறங்கி வந்தார்கள், 4,87,500. மருத்துவச் செலவு, வலி, கூட இருந்து பார்த்துக்கொண்ட செலவு எல்லாம் தனி. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து மொத்தம் 5,90,000 என்று முடிந்தது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் மேல்முறையீடு கிடையாது. அவர்களும் போக முடியாது, நானும் போக முடியாது. இன்னும் இரண்டு வருடம் இழுத்திருந்தால் கூடக் கிடைத்திருக்கும் என்கிறார்கள். இருக்கலாம்.

பணம் வந்த மறுநாள் ஆரத்தையும் வளையலையும் மீட்டுத் தம்பி வீட்டில் கொடுத்தேன். தம்பி மனைவி வாங்கி உள்ளே வைத்தாள். காபி கொடுத்தாள். ப்ளவுஸ் மட்டும் இன்னும் வேறு கடையில்தான் தைக்கிறாள்.

நான் மனுப் போட்டது விபத்து நடந்து ஐந்து மாதம் இருபதாவது நாள். 2022 ஏப்ரல் 1-லிருந்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம்தான் கெடு என்று சட்டம் மாறியிருந்தது எனக்குத் தெரியாது, குமாஸ்தா அவசரப்படுத்தியதால் தப்பித்தேன். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. கடைசியில் என்ன தீர்ப்பு வரும் என்று காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதுதான் நல்லது. கட்டுப் பிரிக்கவே மூன்று மாதம் ஆகிவிடுகிறது.

காப்பீட்டுக் கம்பெனிகளை ஒன்று கேட்கிறேன். பாலிசியோடு இருபது பக்கம் இங்கிலீஷில் பொடி எழுத்தில் தருகிறீர்கள். மேல் பக்கத்தில் தமிழில் மூன்று வரி போடுங்கள்: ஓட்டுகிறவருக்கு இது, உட்கார்ந்து வருகிறவருக்கு இது, ரோட்டில் போகிறவருக்கு இது. ஆக்ட் ஒன்லி என்றால் 'உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் கிடையாது' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அதைப் படித்தால் யார் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் பாலிசியை மாற்றி எடுப்பார்கள்?

ஆசிரியருக்கும் ஒன்று. கார் மரத்தில் மோதியது என்று நாலு வரி போடும்போது, உள்ளே இருந்தவர்களில் யார் ஓட்டியது, வழக்குப் பதிவானதா என்று இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், முள்ளோடைக்கு முன்னால் நாங்கள் மோதிய அந்தக் கைப்பிடிச் சுவர் போன மாதம் வரை உடைந்தபடியேதான் இருந்தது. இரவில் மின்னுகிற பட்டைகூட ஒட்டவில்லை. புதுச்சேரிக்குப் போகும் உங்கள் நிருபர் யாராவது வலப்பக்கம் பார்த்துவிட்டுப் போனால் ஒரு போட்டோ எடுத்துப் போடவும்.

பெயர் வெளியிட வேண்டாம். காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.